கீமோவுக்குப் பிறகு வரும் மறதி: வாசகர் கேள்வி-பதில்

புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகும் "தலை பழையபடி வேலை செய்யவில்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். புற்றுநோய் மருத்துவர், உளவியலாளர், மருந்தாளுநர் மூவரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

எனக்கு 44 வயது. கணக்கு ஆசிரியை. மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன், 8 கீமோ, 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். போர்டில் கணக்குப் போடும்போதே அடுத்த வரி தெரியாமல் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் பெயர் தொண்டை வரை வந்து நிற்கிறது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறேன். நோய் மூளைக்கு ஏறிவிட்டதா? அல்சைமர் ஆரம்பமா? மாத்திரையை நிறுத்தினால் சரியாகுமா?
வாசகி, ஈரோடு

மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் புற்று திரும்பி வராமல் காப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மறதி அதிகமானதே அந்த மாத்திரையால்தான் என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று வழி உண்டா என்று அவர் பார்த்துச் சொல்வார். நீங்களாக இடைவெளி விட வேண்டாம்.

உங்களுக்கு வந்திருப்பதை ஆஸ்பத்திரியில் 'கீமோ பிரெய்ன்' என்பார்கள். 1990களில்தான் மருத்துவர்கள் இதை முறையாக அளக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் இப்படிச் சொன்ன பெண்களுக்கெல்லாம் "கவலையால் வருகிறது" என்ற பதில்தான் கிடைத்தது. கவலையும் ஒரு பங்கு வகிக்கிறது, ஆனால் அது மட்டும் இல்லை. கீமோவால் உடம்பில் எழும் அழற்சிப் பொருள்கள் மூளை வரை போகின்றன. மாதவிடாய் திடீரென்று நின்று ஈஸ்ட்ரோஜென் குறைகிறது. ரத்தம் குறைகிறது, தூக்கம் கெடுகிறது. இவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்காருகின்றன. கீமோ தொடங்கும் முன்பே மறதி வந்தவர்களும் உண்டு என்பதால், பழியை முழுக்க அந்த ஊசியின்மேல் போட முடியாது.

இதில் பழுதாவது பெரும்பாலும் நினைவின் சேமிப்பு அறை அல்ல. வாசல்தான். கவனம் ஒரு நொடி விலகினால் விஷயம் உள்ளே போவதே இல்லை. உள்ளே போகாததை எப்படித் தேடி எடுப்பீர்கள்? உப்புப் போட்ட அந்த நொடியில் உங்கள் மனம் நாளைய பாட வேளையில் இருந்திருக்கும். 'போட்டேன்' என்ற பதிவே விழுந்திருக்காது.

அல்சைமருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். மாணவன் பெயரின் முதல் எழுத்தை யாராவது எடுத்துக் கொடுத்தால் உங்களுக்குச் சட்டென்று வந்துவிடுகிறதா? அப்படியானால் பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. அல்சைமரில் துப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் வராது. கேட்ட கேள்வியையே, கேட்டது நினைவில்லாமல், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பழகிய தெருவில் வழி தவறும். பல நேரம் தனக்கு மறதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, வீட்டார்தான் கண்டுபிடிப்பார்கள். நீங்களோ ஒவ்வொரு தடுமாற்றத்தையும் எண்ணி வைத்திருக்கிறீர்கள்.

மூளைக்குப் பரவியிருக்கிறதோ என்ற பயத்துக்கும் அடையாளங்கள் உண்டு. காலையில் எழும்போதே கூடுதலாக இருக்கும் தலைவலி, அதோடு வாந்தி, ஒரு பக்கக் கை கால் வலுக்குறைவு, வலிப்பு, இரட்டைப் பார்வை, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தடுமாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் போய், மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள். கீமோ மறதி அப்படிக் கூடிக்கொண்டே போகாது. பலருக்குச் சிகிச்சை முடிந்த 6 முதல் 12 மாதத்துக்குள் மெல்லத் தெளிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். தேதி, மணி, என்ன மறந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இந்தத் தாள் இல்லாமல் போனால் நினைவையும் கவனத்தையும் பார்க்கும் 30 மார்க் மோகா டெஸ்ட் வைப்பார்கள். நீங்கள் 28 வாங்கிவிடுவீர்கள், "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தேர்வு டிமென்ஷியா என்ற மறதிநோய்க்கு முந்தைய லேசான குறைவைப் பிடிப்பதற்காக வந்தது. அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. நாற்பது பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே கணக்குப் போடும் வேகத்தை அது அளக்காது. அந்த வேகத்தையும் கவனத்தையும் விரிவாக அளக்க மருத்துவ உளவியலாளரின் நரம்பு உளவியல் பரிசோதனை தேவை. சில மணி நேரம் ஆகும். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் புற்றுநோயாளிகளுக்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் நரம்பு உளவியல் பரிசோதனை செய்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு), பி12, சோடியம், சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், கால்சியம் எல்லாம் இருக்கட்டும். இதில் ஏதாவது ஒன்று தவறியிருந்தால் அதைச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே சுலபமான வைத்தியம். இரவில் உடம்பு குப்பென்று கொதித்து வியர்த்து எழுந்துவிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். நாலு தடவை கலைந்த தூக்கத்துக்குப் பிறகு யாருக்கும் பெயர் ஞாபகம் வராது. அந்தக் கொதிப்புக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எழுதும்போது, டமாக்ஸிஃபென் சாப்பிடுவதை அந்த டாக்டருக்கு நினைவூட்டுங்கள். பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின், புப்ரோப்பியான் ஆகியவை டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வென்லாஃபாக்ஸின் போல அந்தத் தொந்தரவு குறைவான மருந்துகள் இருக்கின்றன.

இனி சமையலறை. சமைக்க ஆரம்பிக்கும் முன்பே குழம்புக்கு வேண்டிய உப்பை அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், உப்பு ஜாடியை மூடி மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். கிண்ணம் காலி என்றால் போட்டாயிற்று. யோசிக்க வேண்டியதே இல்லை. குக்கருக்கு நாலு விசில் என்றால் நாலு புளியங்கொட்டையை எடுத்து வையுங்கள், ஒரு விசிலுக்கு ஒன்றை அந்தப் பக்கம் தள்ளுங்கள். அடுப்பு எரியும்போது வாசல் மணி அடித்தால் கரண்டியைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் திறங்கள். கையில் இருக்கும் கரண்டி உங்களைத் திரும்ப அடுப்புக்கே கூட்டி வரும். கேஸை மூடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "செவ்வாய் ராத்திரி, கேஸை மூடிட்டேன்." நாள் சொல்வது முக்கியம். 'மூடினேன்' என்று மட்டும் சொன்னால் நேற்று மூடியதும் இன்று மூடியதும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

வகுப்புக்கு: முழுக் கணக்கையும் வரி வரியாக நோட்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். எந்த வரியில் இருக்கிறீர்களோ அங்கே ஒரு ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படி பெயர் எழுதிய தாள் மேசையில் இருக்கட்டும். போர்டில் எழுதும்போது கேள்வி வந்தால் "இந்த வரி முடியட்டும்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கடினமான பாடத்தைக் காலை முதல் இரண்டு பீரியடுக்குள் வைத்துத் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

நடைப்பயிற்சியை இத்தனைக்கும் பிறகு சொல்கிறோம் என்பதால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறதிக்கு மாத்திரையைவிட உடற்பயிற்சிக்கும் உளவியலாளர் தரும் கவனப் பயிற்சிக்கும்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. இப்போது காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை போங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். ஆபரேஷன் ஆன பக்கக் கைக்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. குடல் புற்று. ஆக்ஸாலிப்ளாட்டின் டிரிப்ஸும் கேப்சைட்டபின் மாத்திரையும் நடக்கின்றன. சர்க்கரைக்கு பத்து வருடமாக மெட்ஃபார்மின். விரல் மரத்துப்போவதற்கு பிரிகாபலின் கொடுத்தார்கள். தூங்குவதற்கு ஒரு மாத்திரை, வாந்திக்கு ஒன்று. இப்போது எப்போதும் மந்தமாக இருக்கிறார். மாத்திரை சாப்பிட்டதே மறந்து திரும்பக் கேட்கிறார்.
வாசகர், மதுரை

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை கீமோவை அப்புறம் சந்தேகிக்கலாம். முதலில் மாத்திரைப் பையைப் பாருங்கள்.

பிரிகாபலின் தூக்கக் கலக்கத்தையும் மறதியையும் தரும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தால் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது) அதே அளவு மாத்திரை உடம்பில் தேங்கி இரட்டிப்பு வேலை செய்யும். சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆக்ஸாலிப்ளாட்டினால் விரலில் வலியும் எரிச்சலும் இருந்தால் டூலாக்ஸெட்டின் என்ற மருந்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. வெறும் மரத்துப்போதல் மட்டும் என்றால் எந்த மாத்திரையும் பெரிதாக உதவாது. அப்போது பிரிகாபலின் தேவைதானா என்றே டாக்டரிடம் கேட்கலாம்.

தூக்க மாத்திரை அல்பிரசோலம், குளோனசெபம் வகை என்றால் மறுநாள் பகலிலும் அதன் மிச்சம் இருக்கும். வாந்திக்கு ஓலன்சபின் என்றால் கீமோவுக்குப் பிறகு சில நாள்களுக்கு மட்டும்தான் வழக்கமாகத் தருவார்கள். தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று சீட்டைப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின், அவில் போன்றவை பெரியவர்களைக் குழப்பும். இவற்றை யாரும் 'மருந்து' என்று கணக்கில் சேர்ப்பதில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் காலைச் சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். மாலையில் சாப்பிட்டால் ராத்திரி கண் மூடாது. பிறகு அந்தத் தூக்கத்துக்கு இன்னொரு மாத்திரை.

பத்து வருட மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதியும் வரும், விரலும் மரத்துப்போகும். கீமோவால் மரத்தது என்று நினைத்ததில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

கேப்சைட்டபின் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். பொதுவாக 14 நாள் காலையும் இரவும், பிறகு 7 நாள் ஓய்வு. மறதியில் இரண்டு தடவை சாப்பிட்டாலும், ஓய்வு வாரத்திலும் தொடர்ந்தாலும் பேதி, வாய்ப்புண், கைகால் தோல் உரிதல் என்று ஆபத்தில் போய் நிற்கும். அதனால் இந்த மாத்திரையை அவர் கையில் விடாதீர்கள். தினசரி காலண்டரில் 14 நாளையும் வட்டமிடுங்கள். ஓய்வு தொடங்கும் நாளில் மீதி அட்டையை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் நீங்களே எடுத்துக் கொடுத்து, காலண்டரில் டிக் போடுங்கள். ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மற்ற மாத்திரைகளுக்கு ஏழு நாள், மூன்று வேளை அறையுள்ள பெட்டி போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரே நிரப்ப வேண்டும். இரண்டு பேர் நிரப்பினால் அங்கேயே தவறு தொடங்கும்.

வல்லாரை, நினைவாற்றல் கேப்சூல், ஜிங்கோ இவை பலன் தருமா?
வாசகி, தஞ்சாவூர்

வல்லாரைத் துவையல் சாப்பிடுங்கள், அது கீரை. கேப்சூலாக, செறிவாக வேண்டாம். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. கீமோவின்போது கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஜிங்கோ என்ற மூலிகையை மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்தவர்களிடம் சோதித்தார்கள், மறதியைத் தடுக்கவில்லை. ரத்தக் கசிவையும் கூட்டலாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் அது விளையாட்டல்ல. டிமென்ஷியாவுக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையும் மார்பகப் புற்றிலிருந்து மீண்டவர்களிடம் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை.

மகனுக்கு 9 வயது. ரத்தப் புற்று சிகிச்சையில் மெயின்டெனன்ஸ் (நோய் திரும்பாமல் இருக்கத் தொடரும் மருந்துக் கட்டம்) நடக்கிறது. முதுகுத் தண்டில் ஊசிகள் போட்டார்கள். முன்பு நன்றாகப் படித்தவன், இப்போது பரீட்சையில் பாதிக் கேள்விகூட முடிப்பதில்லை. டீச்சர் "கவனமில்லை, சோம்பேறி" என்கிறார்.
வாசகி, தூத்துக்குடி

சோம்பேறி இல்லை. முதுகில் போடும் மீதோட்ரெக்சேட் ஊசி மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேராகக் கலக்கிறது. நோய் அங்கே ஒளிந்துகொள்ளாமல் இருக்க அது அவசியம். முன்பெல்லாம் தலைக்குக் கரண்டும் வைப்பார்கள், அது படிப்பை இன்னும் மோசமாகப் பாதித்தது. தலைக்குக் கரண்ட் வைக்காமலேயே நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009இல் காட்டியது. ஊசி மட்டும் போட்ட குழந்தைகளிடம் மிஞ்சுவது பெரும்பாலும் வேகக் குறைவும் கவனக் குறைவும்தான். அறிவு அப்படியே இருக்கும், வெளியே வர நேரம் பிடிக்கும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். வின்கிறிஸ்டின் ஊசி விரல் நரம்பைப் பலவீனப்படுத்தும். விடை தெரிந்தும் எழுதக் கை வராமல் இருக்கலாம். அதே வினாத்தாளை வீட்டில் வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள். வாயால் சொல்கிறான், எழுத்தில் இல்லை என்றால் பிரச்சினை கையில். அதற்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் பயிற்சி) வேண்டும். வாயாலும் தாமதமாகத்தான் வருகிறது என்றால் உளவியல் பரிசோதனை.

டாக்டரிடம் பள்ளிக்கு ஒரு கடிதம் வாங்குங்கள். "ஒத்துழைப்புத் தரவும்" என்று பொதுவாக எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: முன் பெஞ்ச், ஜன்னல் ஓரம் வேண்டாம். தேர்வில் கூடுதல் நேரம். போர்டில் இருப்பதை நகலெடுக்க வைக்காமல் அச்சுத் தாள் தருவது. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. ஒரே மூச்சில் மூன்று கட்டளை இடாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. இந்தக் குறை சில பிள்ளைகளிடம் ஆண்டுகள் கழித்து, பாடம் கனக்கும்போதுதான் வெளியே தெரியும். 6ஆம் வகுப்பு, 9ஆம் வகுப்பு தொடங்கும்போது மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.

மெயின்டெனன்ஸில் மீதோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான், மெர்காப்டோப்யூரின் தினமும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். வார மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இன்ன கிழமை என்று டப்பாவின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

நேற்று வரை நன்றாகப் பேசிய மாமனார் (72, கீமோ முடிந்து எட்டு நாள்) இன்று காலையிலிருந்து இடம் தெரியாமல் உளறுகிறார், நடுவில் தெளிவாகிறார். இதுவும் கீமோ மறதியா?
வாசகி, சேலம்

இல்லை. உங்களுக்குத் தனியாகவும் அன்றே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம். மணிக்கணக்கில் வரும், ஏறி இறங்கும் குழப்பம் 'டெலிரியம்'. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீமோவுக்குப் பின் ஏழிலிருந்து பதினாலாம் நாளுக்குள் வெள்ளணுக்கள் பெரும்பாலும் தரைமட்டத்தில் இருக்கும், கிருமித் தொற்று முதலில் குழப்பமாகவே தலைகாட்டலாம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கும் நேரம் அல்ல அது. காய்ச்சலே இல்லாவிட்டாலும் சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, கால்சியம் ஏற்றம், வலி மருந்து என்று காரணங்கள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு 63 வயசு. நுரையீரல் புற்று மூளைக்குப் பரவியிருக்காம். முழு மூளைக்கும் கதிர் வைக்க வேணும் எண்டு சொல்லுகினம். அதுக்குப் பிறகு எங்களை ஆரெண்டு தெரியாமல் போயிடுமோ?
வாசகர், யாழ்ப்பாணம்

அப்படி ஒரேயடியாக மறந்துபோவது வழக்கமில்லை. ஆனால் புதியதை நினைவில் வைப்பது பாதிக்கப்படலாம். ஆகவே தொடங்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். கட்டிகள் எத்தனை? சிலவே என்றால் அந்த இடங்களுக்கு மட்டும் கூர்மையாகக் கதிர் வைக்கும் ரேடியோசர்ஜரி முடியுமா? அதில் நினைவு இழப்பு குறைவு. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுச் சோதனை செய்தாயிற்றா? அந்த மரபணுக்களில் மாற்றம் இருந்தால் மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன, கதிரைச் சில வேளை தள்ளிப்போடலாம். முழு மூளைக்குத்தான் என்றால், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தவிர்த்து வைக்க முடியுமா? கட்டி அந்தப் பகுதியை ஒட்டி இருந்தால் முடியாது. கடைசியாக, மெமண்டின் மாத்திரை தரலாமா? கதிர் தொடங்கும்போதே ஆரம்பித்து, வாரத்துக்கு 5 மில்லிகிராம் கூட்டி, நாளொன்றுக்கு 20 வரை, 24 வாரம் தருவது ஆய்வில் பயன்பட்ட முறை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறையும். ஹிப்போகாம்பஸைத் தவிர்ப்பதும் மெமண்டினும் சேர்ந்தால் நினைவு இழப்பு குறைகிறது என்று 2020இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது.

கதிர் முடிந்த முதல் சில மாதங்களில் அம்மா நாள் முழுக்கத் தூங்கலாம். அதில் பெரும் பகுதி தானாக மாறும்.

தினமும் குறுக்கெழுத்துப் போட்டால் மூளை கூர்மையாகுமா?
வாசகர், கோயம்புத்தூர்

குறுக்கெழுத்தில் மட்டும் கூர்மையாகும். பிடித்திருந்தால் போடுங்கள். மின் கட்டணம் கட்ட மறப்பதற்கு செல்போனில் அலாரம்தான் மருந்து. அலாரத்துக்குப் பெயர் வையுங்கள். வெறும் மணி அடித்தால் எதற்கு அடிக்கிறது என்பதே மறந்துபோகும்.

மனைவிக்குக் கீமோ முடிந்து ஒரு வருடம். சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கோபப்பட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறேன். எப்படி நடந்துகொள்வது?
வாசகர், திருநெல்வேலி

ஒரு வருடம் ஆகியும் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் முதல் பதிலில் சொன்ன ரத்தப் பரிசோதனையும் டாக்டரிடம் ஒரு பேச்சும் முதலில் நடக்கட்டும்.

வீட்டில், டிவி ஓடும்போதும் அடுத்த அறையிலிருந்தும் எதையும் சொல்லாதீர்கள். எதிரே வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு, ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஸ்கேன்" என்று சொல்லிவிட்டு, அப்போதே இருவருமாகக் காலண்டரில் எழுதுங்கள், அவர் கையால். "இப்பத்தானே சொன்னேன்", "இதுகூட ஞாபகம் இல்லையா" என்ற இரண்டு வாக்கியங்களையும் வீட்டில் நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டு, மறந்ததைக் கேட்கவே பயப்படுகிற நிலை வந்துவிடும். வார்த்தைக்குத் தடுமாறும்போது பத்து எண்ணும் வரை பொறுங்கள், வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். சாவி, கண்ணாடி, செல்போன் மூன்றுக்கும் வாசல் பக்கம் ஒரே தட்டு வையுங்கள். அதில் உங்கள் சாவியையும் போடுங்கள், அது அவருக்காக மட்டும் வைத்த தட்டாக இருக்க வேண்டாம்.